பதினேழாம் நம்பர் ஸ்டான்கோ

அந்தக் கோடையில் டார்மன் ஊரின் தெற்குத் தெருவில் சாசேஜ் தின்று சலிக்காத ஆள் ஒருவர்கூட இல்லை. காலையில் முட்டையோடு சாசேஜ், சுரங்கத்துக்குக் கொண்டுபோகிற டப்பாவில் ரொட்டிக்கு நடுவே சாசேஜ், ராத்திரி முட்டைக்கோஸ் சூப்பில் சாசேஜ். நாய்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. எல்லாம் எங்களைப் போன்ற பிள்ளைகளால் வந்த வினை. வெண்டல் இறைச்சிக் கம்பெனி அந்த வருஷம்தான் ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு பேஸ்பால் அட்டையை வைத்து அனுப்ப ஆரம்பித்திருந்தது.

பபிள்கம்மோடு வருகிற அட்டைகள் அமெரிக்கா முழுக்கக் கிடைக்கும், அதில் ஒரு பெருமையும் இல்லை. இவை அப்படியல்ல. ஏரிக்கரைத் துறைமுக நகரத்துக் குழுவில் ஆடிய எங்கள் பக்கத்துப் பையன்களின் படங்கள் இவை. அந்த நகரத்திலேயே இவை கிடைக்காது, ஏனென்றால் வெண்டல் சாசேஜ் அங்கே விற்பனையில் இல்லை. இரும்புச் சுரங்கம் இருக்கிற எங்கள் நாலைந்து ஊர்களைத் தாண்டினால் இப்படி ஒரு அட்டை இருப்பதே யாருக்கும் தெரியாது. கொழுப்பு ஏறாமல் இருக்க மெழுகு பூசியிருப்பார்கள். அப்படியும் ஏறும். பொட்டலத்தைப் பிரித்ததும் அட்டையை ரொட்டித் துண்டால் துடைப்போம், பிறகு முகர்ந்து பார்ப்போம். பூண்டும் புகையும் கலந்த அந்த வாசனை இப்போது எங்கே வந்தாலும் எனக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் நிற்பதில்லை.

எங்கள் அப்பா அந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைப் படிக்கட்டுதான் எங்கள் சந்தை. ஒருத்தி தன் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்ட, எதிரே இருப்பவள் மூச்சு விடாமல் "இருக்கு, இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். இல்லாதது வந்தால் "வேணும்!" என்று கத்தவேண்டும். அப்புறம் பேரம். ஆனால் ஆகஸ்ட் பிறந்தபோது "வேணும்" என்று கத்த ஆளே இல்லாமல் போய்விட்டது. மொத்தம் இருபத்து நான்கு அட்டை என்று பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள், எங்கள் தெருவுக்கு வந்தவையோ முதல் பன்னிரண்டுதான். மீதி இன்னும் அச்சாகவில்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

வந்தவற்றிலும் ஐந்தாம் நம்பர் தொல்லை தாங்க முடியவில்லை. ரெய்னோ ஹக்கலா, பந்து வீசுகிறவர். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் ஹக்கலா பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பார். எங்கள் கடைத் தராசு மேசை ஆடாமல் இருக்க அதன் காலடியில் நாலு ஹக்கலா. பக்கத்து வீட்டு மார்ட்டின் மாமா சுரங்கத்திலிருந்து வந்ததும் பூட்ஸில் ஒட்டிய சிவப்புச் சேற்றை ஒரு ஹக்கலாவால்தான் சுரண்டி எடுப்பார்.

அந்தப் பக்கத்து வீடு மிஹெலிச் வீடு. மார்ட்டின் மாமா, அங்கெலா அத்தை, அவர்களுடைய ஒரே மகள் அல்பினா. அல்பினாவும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பைத்தியம். அங்கெலா அத்தைக்கு ஒரு தம்பி இருந்தார், பெயர் ஸ்டான்கோ. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை. அந்த ஸ்டான்கோ மாமா துறைமுகக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். வசந்தகாலத்தில் வெண்டல் கம்பெனி ஆட்கள் வந்து அவர் கையில் பதினேழு என்று எழுதிய பலகையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள், கூலியாக ஒரு முழுத் தொடைக்கறி கொடுத்தார்கள். அத்தை அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கோவிலில் சொன்னாள், ரொட்டி அடுப்படியில் சொன்னாள், துணி உலர்த்துகிற கொடியின் இரண்டு முனையிலும் நின்று சொன்னாள். அட்டைதான் வரவில்லை.

எதிர்வீட்டுப் பெர்கோ பெரியம்மா சும்மா இருப்பாளா?

"என்ன அங்கெலா, உன் தம்பி இன்னும் பொட்டலத்துக்குள்ள வந்து சேரலியா?" என்பாள், எங்கள் கடையில் எல்லோர் முன்னாலும்.

"வருவான், வருவான். நல்லது மெதுவாத்தான் வரும்."

"நானும் ஜூன்லேர்ந்து தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். என் வயித்துக்குள்ள பன்னி ஒண்ணு முழுசா ஓடுது. அந்த ஹக்கலாதான் வரான்."

"உங்கள யாருக்கா தின்னச் சொன்னது?"

"உன் தம்பியப் பாக்கணும்னு ஆசைதான்டி. படம் எடுக்கும்போது கேமராவுல பிலிம் இருந்துச்சான்னு கேட்டியா?"

கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாவைப் போட்டுக் குத்துவாள்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு புதன்கிழமை எங்கள் கடைக்குத் தொலைபேசி வந்தது. தெருவில் எங்களிடம் மட்டும்தான் தொலைபேசி. ஸ்டான்கோ மாமா பேசினார். அத்தை மாவுக் கையோடு ஓடிவந்தாள். அவளுக்குத் தொலைபேசியைக் காதோடு ஒட்டி வைத்தால் பயம், ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் பேசுவாள். அதனால் அந்தப் பக்கம் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வரேன். ஒரு நாள் லீவு."

"வாடா என் ராசா! பொட்டீட்சா சுடறேன், வால்நட் நெறையப் போட்டு."

"அட்டை வந்துச்சா?"

அத்தை ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். "வரும்டா."

"வராதுக்கா. எனக்குத் தெரியும். மூணு வாரமா என்னை ஆட விடாம பெஞ்சிலதான் ஒக்கார வெச்சிருக்காங்க. படம் எடுத்துட்டு அட்டை போடலைன்னா என்ன அர்த்தம்? மூட்டையக் கட்டுன்னு அர்த்தம். அத்தான்கிட்ட சொல்லு, சுரங்கத்துல ஆள் எடுக்கறாங்களான்னு ஃபோர்மேன்கிட்ட கேக்கச் சொல்லு. அவங்க என்னைத் தொரத்தறதுக்கு முன்னாடி நானே வந்துடறேன்."

"டேய், டேய்..." என்றாள் அத்தை. ஆனால் தொடர்பு அறுந்துவிட்டது.

அவள் அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அவர்களுடைய அப்பா சுரங்கத்தில் மண் சரிந்து போனவர். தம்பி கையில் மட்டை பிடித்த நாளிலிருந்து, இவனாவது அந்தக் குழிக்குள் இறங்கமாட்டான் என்று அத்தை நிம்மதியாக இருந்தாள். "ஒரே ஒரு அட்டை," என்றாள் எங்கள் அப்பாவிடம். "அவன் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுக் காட்டிட்டேன்னா போதும். அந்தக் கிறுக்கு எண்ணம் போயிடும்." அப்பா ஒரு சாசேஜ் பொட்டலத்தை எடுத்துச் சும்மா கொடுத்தார். அங்கேயே பிரித்தோம். ஹக்கலா.

வெள்ளிக்கிழமை காலை நானும் அல்பினாவும் கடை வாசலில் கருவாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தோம். வெள்ளியன்று தெற்குத் தெருவில் கறி கிடையாது. மிஹெலிச் குடும்பத்தைப் போன்ற ஸ்லோவேனியர்களும் எங்களைப் போன்ற இத்தாலிக்காரர்களும் கத்தோலிக்கர்கள், அன்றைக்கு மீன், நூடுல்ஸ், உருளைக்கிழங்கு அடை, அவ்வளவுதான். வெண்டல் கம்பெனி வண்டி ஹார்ன் அடித்துவிட்டு நிற்காமல் கடந்து போனது. எத்தனையோ வெள்ளிக்கிழமை அப்படிப் போயிருக்கிறது, நாங்கள்தான் கவனித்ததில்லை.

"மாமா," என்றாள் அல்பினா எங்கள் அப்பாவிடம், "அந்த வண்டி எங்க போகுது?"

"வடக்குப் பக்கம். ஃபின்லாந்துக்காரங்க கூட்டுறவுக் கடைக்கு."

"நம்ம கடைக்கு ஏன் வரலை?"

"வெள்ளிக்கிழமை எவன் எங்கிட்ட கறி வாங்குவான்? பாதர் என் காதைப் பிடிச்சுத் திருகுவாரு. நமக்குச் செவ்வாக்கெழமை வண்டி."

"அப்ப செவ்வாக்கெழமை வண்டி அங்க போவாதா?"

"அவங்களுக்கு எதுக்கு? நாளைக்குச் சனிக்கிழமை, சௌனா. வீடு வீடா நீராவியில வெந்து, வேர்த்துக் கொட்டி, ஏரியில குதிச்சு, அப்புறம் சாசேஜைச் சுட்டுத் திம்பாங்க. மத்த நாள்ல அவங்க சாசேஜைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க."

அல்பினா கருவாட்டைக் கீழே போட்டாள். "ரினா," என்றாள் என்னிடம், "வெள்ளிக்கிழமைப் பொட்டலத்துக்குள்ள யாரு இருக்கா?"

நான் பெட்டியை அப்படியே மூடினேன்.

கேட்டால் சிரிப்பீர்கள், ஒரே ஊர், நடுவில் ஒரு ரயில் பாதைதான். ஆனால் அவர்கள் லூத்தரன் சபைக்காரர்கள், எங்கள் கோவில் வேறு, அவர்கள் குளிக்கும் ஏரி வேறு. ஜூனில் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பரில்தான் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்போம். சுரங்கத்தில் ஆண்கள் ஒரே இயந்திரத்தில் தோளோடு தோள் உரசி வேலை செய்தாலும் அட்டையைப் பற்றியா பேசுவார்கள்?

அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள், வலையை முகத்துக்கு இறக்கிவிட்டாள். யாருக்கும் அடையாளம் தெரியாதாம். அந்தத் தொப்பியில் ஒரு செர்ரிப் பழக்கொத்து இருந்தது, ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை.

"அம்மா, வெள்ளிக்கிழமை கறி வாங்கினா பாவமில்லையா?"

"திங்கறதுதான்டி பாவம். வாங்கறது வெறும் வேலை. நடங்க."

வாசலிலேயே பெர்கோ பெரியம்மா. "என்ன அங்கெலா, வெள்ளிக்கிழமை தொப்பியோட? யாராவது செத்துட்டாங்களா?"

"மீன் வாங்கப் போறேன்க்கா."

"மீனு ரினா அப்பா கடையில இருக்கே."

"அந்த மீனு மூஞ்சி எனக்குப் பிடிக்கல!" என்று சொல்லிவிட்டு அத்தை ரயில் பாதையைத் தாண்டினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

கூட்டுறவுக் கடையில் காப்பியும் புது ரொட்டியும் மணந்தன. கல்லாவில் இருந்த பெண்மணி எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், ஃபின்காரர்களுக்கு அதுவே நீண்ட உபசாரம். அத்தை கறிப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். பெட்டி காலி.

"சாசேஜ்?"

"தீந்துடுச்சு."

"வண்டி இப்பத்தானே வந்துச்சு!"

"நாளைக்குச் சௌனா. வண்டி வர்றதுக்கு முன்னாடியே வரிசையில நின்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அத்தை வலையைத் தூக்கிவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது, ட்ர்ர்ர்ர் என்று. கல்லாக்காரியின் மகள் ஐலி சைக்கிளில் கடையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். சக்கரக் கம்பிகளில் படுகிற மாதிரி ஒரு அட்டையைத் துணிக் கிளிப்பால் மாட்டியிருந்தாள். நாங்களும் அப்படிச் செய்வோம், எங்களுக்கு அதற்கு ஹக்கலா.

ஐலி பிரேக் போட்டாள். அத்தை குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வீல் என்று ஒரு கத்து கத்தினாள், உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

"ஸ்டான்கோ! அய்யோ என் கண்ணு! கம்பியில அடிபட்டு மூக்கே போச்சே!"

"இவனா?" என்றாள் ஐலி, கால் தரையில் ஊன்றியபடி. "பதினேழு. இவனாலதான் எங்களுக்குத் தலைவலியே. எந்தப் பொட்டலத்தைப் பிரிச்சாலும் இவன்தான். எங்க தெருவுல எல்லா சைக்கிள்லயும் இவன்தான்."

"அது என் தம்பிடி!"

ஐலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு இந்த மாதிரி தம்பி எத்தனை பேரு வேணும்?"

"ஒண்ணு, ஒண்ணு குடு கண்ணு!"

அல்பினா உடனே அத்தையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அட்டை வியாபாரத்தில் ஆசையைக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது. ஐலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சும்மா தரமாட்டேன். கழட்டினா சைக்கிள் சத்தம் போடாது. ஹக்கலா இருக்கா?"

நானும் அல்பினாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க ரொம்பவும் கஷ்டப்பட்டோம்.

"எந்த ஹக்கலா?" என்றாள் அல்பினா, வானத்தைப் பார்த்தபடி.

"ரெய்னோ ஹக்கலா. அஞ்சாம் நம்பர். எங்க ஆளு, இதோ அந்த மூணாவது வீடுதான். அவரோட அம்மாகூட இன்னும் அட்டையைப் பாத்ததில்ல. உலகத்துலேயே மூணு அட்டைதான் அடிச்சாங்களாம்."

"கஷ்டம்தான்," என்றாள் அல்பினா. "தேடிப் பாக்கறோம்." உடனே கொண்டுவந்து நீட்டினால் ஹக்கலாவின் விலை விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஹக்கலா கைக்கு வந்தாத்தான் பதினேழு. நாளைக்குச் சௌனா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்களே ஒங்க தெருவுக்கு வரோம், எல்லாரும்." அத்தை எவ்வளவோ கெஞ்சியும் அந்தப் பெண் மசியவில்லை. ஸ்டான்கோ மாமாவின் மேல் ட்ர்ர்ர்ர் என்று ஏறிப் போய்விட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். வெண்டல் கம்பெனியில் திங்கட்கிழமை பொட்டலம் கட்டுகிறவர்கள் முதல் கட்டு அட்டையிலிருந்து எடுத்தார்கள், வியாழக்கிழமை கட்டுகிறவர்கள் இரண்டாவது கட்டிலிருந்து. இரண்டையும் கலக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் நோன்பும் அவர்கள் சௌனாவும் சேர்ந்து ஊரை இரண்டாக வகுந்துவிட்டன. அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் ஹக்கலா வேட்டையாடினோம். தராசு மேசையின் காலடியிலிருந்து நாலு, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஏழெட்டு, பெர்கோ பெரியம்மா வீட்டு ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க இடுக்கில் அடைத்து வைத்தது ஒரு கொத்து. மார்ட்டின் மாமாவின் சேற்று ஹக்கலாவை அத்தை சோப்புப் போட்டுக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சுரங்கத்துச் சிவப்பு மண் கரைந்து தெரு முழுக்கச் சகதி. பூசை முடிந்து வந்தபோதும் விடவில்லை. ஸ்டான்கோ மாமா பேருந்திலிருந்து நனைந்துகொண்டே இறங்கினார். தோளில் மட்டைப் பை இருந்தது, ஆனால் நடையில் உயிர் இல்லை. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கோழி சூப், வறுத்த கோழி, பாலாடைக்கட்டி வைத்து அவித்த மாவுச் சுருள். நடுவில் பொட்டீட்சா என்கிற இனிப்பு ரொட்டி, வெட்டிய இடமெல்லாம் வால்நட் சுருள் சுருளாகத் தெரிந்தது. அத்தை அட்டையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆசை காட்டிவிட்டு வடக்குப் பிள்ளைகள் வராமல் போனால் என்ன செய்வது? ஜன்னலைப் பார்ப்பாள், மழையைப் பார்ப்பாள், தம்பி தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைப்பாள்.

"அக்கா, போதும். சுரங்கத்துல எறங்கறதுக்கு இவ்ளோ சதை வேணாம்."

"அந்தப் பேச்சை எடுக்காத."

"எடுக்காம என்ன செய்யறது? அத்தான், கேட்டீங்களா?"

மார்ட்டின் மாமா சூப்பை ஊதினார். "நாளைக்குக் காலையில ஃபோர்மேன்கிட்ட பேசறேன். நல்லா யோசிச்சுக்கோ மாப்ளே. உள்ள வந்துட்டா வெளிய போற வழி மறந்துடும்."

"யோசிச்சாச்சு. படத்தை எடுத்துட்டு அட்டைகூடப் போடலை, இதுக்கு மேல என்ன யோசிக்க?"

அல்பினா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மழை கொஞ்சம் தூறலாகியிருந்தது. அந்தத் தூறலில், ரயில் பாதைப் பக்கமிருந்து, முதலில் வண்டு பறக்கிற மாதிரித்தான் கேட்டது. பிறகு தெரு முனையில் பெரிதாயிற்று. ட்ர்ர்ர்ர்ர்ர்ர். ஒரு சைக்கிள் அல்ல, ஒரு படையே. அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"என்னக்கா சத்தம்?"

"நீதான்டா," என்றாள் அத்தை. அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்துவிட்டது. "எந்திரிச்சு வாடா, நீதான் வர!"

வாசலில் வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள் தலை முதல் கால் வரை சிவப்புச் சகதியோடு நின்றார்கள். ஒவ்வொரு சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் ஸ்டான்கோ மாமா. ஐலி தன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்தாள், அதுவும் முழுக்க ஸ்டான்கோ மாமா. அவர் படியில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு அட்டையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"நான் தொப்பியக் கொஞ்சம் நேரா வெச்சிருக்கலாம்," என்றார். அத்தை அவர் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

ஐலிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "ஹக்கலா எங்க?"

அல்பினா ஒரே ஒரு ஹக்கலாவை, கழுவிக் காயவைத்ததை, மெதுவாக வெளியே எடுத்தாள். வடக்குப் பிள்ளைகளிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ஒரு ஹக்கலாவுக்கு நாலு பதினேழு," என்றாள் ஐலி.

"சரி," என்று அல்பினா கையை நீட்டிவிட்டாள். அதற்குள் ஸ்டான்கோ மாமா நடுவில் பாய்ந்தார்.

"என்னது? நாலா? அவன் ஒருத்தனுக்கு நான் நாலு பேரா?"

"மாமா, சும்மா இருங்க! நமக்கு லாபம்!"

"என்ன லாபம்? ஹக்கலாவுக்கு மட்டை பிடிக்கவே தெரியாது. எங்கூட ஒரே ரூம்ல படுக்கறவன், எனக்குத் தெரியாதா? ஒண்ணுக்கு ஒண்ணு. அதுக்குக் கொறைஞ்சா கெடையாது!"

"டேய் கூறு கெட்டவனே," என்று அத்தை அவர் இடுப்பில் கிள்ளினாள், "குடுக்கறத வாங்கிக்கடா!"

"ஒங்களுக்கு அடிக்கத் தெரியுமா?" என்றாள் ஐலி, கொஞ்சமும் அசராமல். "பெஞ்சுல ஒக்காந்திருக்கற ஆளுன்னு ரேடியோவுல சொன்னாங்களே."

ஸ்டான்கோ மாமா உள்ளே போய் மட்டையோடு வந்தார். அந்தச் சகதித் தெருவில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். மார்ட்டின் மாமா ஒரு பழைய பந்தை வீசினார். முதல் பந்து தவறியது. பெர்கோ பெரியம்மா ஜன்னலிலிருந்து, "பிலிம் இல்லாத கேமராதான்!" என்று கத்தினாள். இரண்டாவது பந்து மட்டையில் பட்ட சத்தம் இருக்கிறதே, சுரங்கத்தில் வெடி வைத்த மாதிரி இருந்தது. எங்கள் கடைக் கூரையைத் தாண்டியது, கம்பங்களைத் தாண்டியது, ரயில் பாதையையும் தாண்டி வடக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பெர்கோ பெரியம்மாதான் முதலில் கை தட்டினாள், வேறு யாருக்கும் முந்திக்கொள்ள இடம் கொடுக்காமல்.

வடக்குப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து சக்கரங்களிலிருந்து கிளிப்பைக் கழற்றினார்கள். பதினேழாம் நம்பரைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஐலியும் தன் கட்டைத் திரும்பக் கோட்டுக்குள் செருகினாள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு," என்றாள். "அதுவும் ஆளுக்கு ஒண்ணுதான் தருவோம். மீதி எங்களுக்கே வேணும்."

"கேட்டியாக்கா?" மாமா குதித்தார், சகதி எல்லோர் மேலும் தெறித்தது. "விலை ஏறிடுச்சு! கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். ஒரு ஹக்கலாவுக்கு மூணு போச்சு உன்னால," என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவ்வளவு சிரிப்பு.

மார்ட்டின் மாமா வாசல்படியில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே மச்சானைப் பார்த்தார். "அப்ப நாளைக்கு ஃபோர்மேன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

ஸ்டான்கோ மாமா ஐலியின் அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை.

"எந்த ஃபோர்மேன்?" என்றார்.